பத்து ரூபாய் நோட்டும் பாம்பு கீரி சண்டையும்



நான் வங்கி வாசலில் 40,000 ரூபாயைப் பறிகொடுத்த செய்தி உங்களில் பலருக்கும் தெரியும். போன் செய்து விசாரித்தீர்கள். சிலர் பீர்க்கன்கரணை வீட்டுக்கே வந்து ஆறுதல் சொன்னீர்கள். "வகுப்பிலே எங்களுக்கு வித்தை காட்டின சாரையே ஏமாத்திட்டாங்களா?" என்று ஒரு மாணவர் சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்து வைத்தேன்.

பணம் போன கதையை எல்லோரிடமும் சொன்னேன். அன்றைக்கு நான் செய்த இன்னொரு காரியத்தை யாரிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் முழுதாகச் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த வித்தையிலிருந்து தொடங்குகிறேன்.

ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில் விடுதி நண்பர் ஒருவர் எனக்கு ஒரு நாணய வித்தை சொல்லிக் கொடுத்தார். வலது கையில் இருக்கும் நாணயத்தை இடது கைக்கு மாற்றுவதுபோலக் காட்ட வேண்டும். உண்மையில் நாணயம் வலது கையிலேயே தங்கிவிடும். இடது கையை மூடி, மெல்ல உயர்த்தி, ஊதித் திறந்தால் கை காலி. விரல் பழக்கம் ஒரு வாரத்தில் வந்துவிட்டது. ஆனாலும் விடுதியில் எல்லோரும் என்னைக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார்கள். நண்பர்தான் தவறைக் காட்டினார். "நீ வலது கையைப் பார்க்கிறே. நீ எதைப் பார்க்கிறாயோ அதைத்தான் ஊரும் பார்க்கும். காலியா இருக்கிற இடது கையை நீயே நம்பிப் பாரு" என்றார்.

அன்று முதல் பிடிபடவில்லை. மாஜிக்காரர்கள் கவனத்தைத் திசைதிருப்புவது என்று சொல்வதன் அடிப்படை இவ்வளவுதான். "அங்கே பார்க்காதே" என்று சொன்னால் எல்லோரும் அங்கேதான் பார்ப்பார்கள். அதைவிடப் பார்க்கத் தகுந்ததாக இன்னொன்றைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு கை பெரிதாக அசையும்போது மற்றக் கையின் சின்ன அசைவு தெரியாது. கூட்டம் சிரிக்கும் நொடியில் யாரும் கையைக் கவனிப்பதில்லை. அடுத்து என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லவும் கூடாது. சொன்னால் எங்கே பார்க்க வேண்டும் என்று நாமே காட்டிக் கொடுத்ததாகிவிடும்.

நம் ஊர் சந்தைத் திடல்களில் மோடி வித்தைக்காரர்கள் இதைப் புத்தகம் படிக்காமலே செய்தார்கள். என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஒரு கூடையில் பாம்பு, கயிற்றில் கட்டிய கீரி. "இதோ இப்போ சண்டை விடப்போறேன்" என்று ஒரு மணி நேரம் சொல்வார். நடுவே யாரும் கையைக் கட்டக் கூடாது, நகர்ந்தால் ரத்தம் கக்குவாய் என்று மிரட்டல். அதற்குள் தாயத்து விற்று முடிந்திருக்கும். பாம்பு கீரி சண்டையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்தக் கீரி வந்ததே, நாம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்காகத்தான்.

கோவை போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த் (1930–2009) இதே கலையை மறுபக்கம் திருப்பியவர். சாமியார்களின் 'அற்புதங்களை' ஊர் ஊராக மேடையில் செய்து காட்டி, பிறகு அது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுவார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரும் 'மந்திரமா, தந்திரமா' என்று நம் பள்ளிகளில் செய்து காட்டியிருக்கிறார்கள். யாகக் குண்டம் தானாகப் பற்றிக்கொள்ளும் வித்தையைச் சிலர் பார்த்திருப்பீர்கள். குண்டத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் தூள் இருக்கும். நெய் என்று சொல்லி விடுவது கிளிசரின். இரண்டும் சேர்ந்தவுடனே தீப்பிடிக்காது, சில விநாடிகள் ஆகும். அந்த நேரத்தை நிரப்பத்தான் மந்திரம். நாம் மந்திரத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம். மந்திரம் முடிய, தீ எழும். மந்திரத்தால்தான் எழுந்தது என்று வீட்டுக்குப் போய்ச் சொல்வோம்.

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். வீட்டுக்குப் போய்ச் சொல்வோம்.

வகுப்பில் நாணய வித்தை காட்டி முடித்ததும் நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். உங்களுக்கு நினைவிருக்கலாம். "என்ன பார்த்தீங்க? வரிசையா சொல்லுங்க." ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்று சத்தியம் செய்வார்கள். "இடது கையில் காசை வெச்சீங்க சார், நான் பார்த்தேன்." ஒருவன், காசு பளபளத்தது என்றுகூடச் சொன்னான். இடது கைக்குக் காசு போகவே இல்லை! ஒன்றாம் வகுப்பில்தான் நான் அடிக்கடி தோற்பேன். அந்தக் குழந்தைகள் என் கண் போகும் இடத்தைப் பார்க்க மாட்டார்கள். அவர்கள் பாட்டுக்குக் காசையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பெரிய பிள்ளைகள் சத்தியம் செய்யும்போது எனக்கு வேடிக்கையாக இருக்கும். இனி அந்த வேடிக்கை என் பக்கம் திரும்பிய நாளுக்கு வருகிறேன்.

வங்கியில் பணம் எடுத்துக்கொண்டு வெளியே வந்து ஆட்டோவில் ஏறினேன். பணப்பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பப் போகும் சமயம், தரையில் பத்து ரூபாய் நோட்டுகள் நாலைந்து கிடந்தன. பணம் விழுந்திருக்கிறது என்று ஒரு குரல். இறங்கினேன், குனிந்தேன், பொறுக்கினேன். திரும்பினால் பை இல்லை.

எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். 'கவனத்தைத் திசைதிருப்பிக் கொள்ளை' என்று வாரத்துக்கு ஒரு முறையாவது செய்தித்தாளில் வருகிறது. படித்துவிட்டு, 'இதற்குப் போய் ஏமாறுவார்களா' என்று நானே சொல்லியிருக்கிறேன். 40,000 ரூபாயைக் காக்க வேண்டியவன் 50 ரூபாய்க்குக் குனிந்தேன்.

காவல் நிலையத்தில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். தெளிவாகச் சொன்னேன். "ஆட்டோ ஓட்டுநர்தான் பணம் விழுந்திருக்குன்னு காட்டினார். நான் இறங்கினேன். அவர் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரியாமல் பை போயிருக்க முடியாது." உறுதியாகச் சொல்ல முடியுமா என்று மறுபடி கேட்டார்கள். "என் கண்ணால் பார்த்தேன். நான் ஆசிரியர், பொய் சொல்ல மாட்டேன்" என்றேன். எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அந்த மனிதரை மதியத்திலிருந்து உட்கார வைத்து விசாரித்தார்கள். அவர் ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஹெல்மெட் போட்ட ஒருத்தன் காட்டினான் சார். நான் இவருக்கு உதவத்தான் இறங்கினேன்." நான் எதிரே உட்கார்ந்து, எப்படி வாய் கூசாமல் பொய் சொல்கிறார் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரவு 8 மணி வாக்கில் எதிரே இருந்த மருந்துக்கடையின் கேமரா பதிவு வந்தது. மொத்தம் 15 விநாடி இருக்காது. ஹெல்மெட் அணிந்த ஒருவன் தரையைக் கை காட்டுகிறான். எனக்கு முன்னால் இறங்குவது ஓட்டுநர். என் தோளைத் தொட்டு ஏதோ சொல்கிறார், எனக்குப் பக்கத்தில் குனிந்து நோட்டுகளைப் பொறுக்குகிறார். இருவர் முதுகும் ஆட்டோவின் பக்கம். அந்தப்புறமாக வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் வந்து பையை எடுத்துக்கொண்டு, ஓடக்கூட இல்லை, நடந்து போகிறான்.

பதிவில் சத்தம் இல்லை. "என்ன சொன்னீங்க?" என்று ஓட்டுநரைக் கேட்டார்கள். "ஐயா, நீங்க குனியாதீங்க, நான் எடுத்துத் தர்றேன்னு சொன்னேன்" என்றார். அவர் சொன்ன நொடியில் அந்தக் குரல் எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. ஆமாம், அதைத்தான் சொன்னார்.

அன்று இரவு தூக்கமே இல்லை. பணத்தை நினைத்து இல்லை. நான் பொய் சொல்லவில்லையே, அப்படியிருக்க எப்படி அந்தக் காட்சி என் மனதில் அவ்வளவு தெளிவாக இருந்தது?

பேத்தியின் உதவியோடு இணையத்தில் தேடிப் படித்ததில் இரண்டு விஷயங்கள் மனதில் தைத்தன.

ஒன்று, குஸ்தாவ் கூன், மைக்கேல் லேண்ட் என்ற இருவர் இங்கிலாந்தில் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு. ஒருவர் பந்தை இரண்டு முறை மேலே வீசிப் பிடிக்கிறார். மூன்றாம் முறை வீசுவதுபோல் கையை மட்டும் அசைத்துவிட்டு, கண்ணை மேலே ஓட்டுகிறார். பந்து கையிலேயே இருக்கிறது. பார்த்தவர்களில் 68 சதவீதம் பேர் பந்து மேலே போனதைக் கண்ணால் கண்டதாகச் சொன்னார்கள். அவர் மேலே பார்க்காமல் தன் கையைப் பார்த்தபோது அப்படிச் சொன்னவர்கள் 32 சதவீதம்தான். பார்வையாளர்களின் கண் அசைவையும் கருவி வைத்து அளந்தார்கள். பந்தைக் கண்டதாகச் சொன்ன இடத்துக்குப் பெரும்பாலோரின் கண் போகவே இல்லையாம். கண் ஏமாறவில்லை, மனம் ஏமாந்திருக்கிறது.

இரண்டாவது, நம் நாட்டுப் பெயரால் உலகப் புகழ் பெற்ற கயிறு வித்தை. கயிறு வானத்தில் நிற்கும், பையன் ஏறி மறைவான் என்பார்களே, அதுதான். 1890இல் சிகாகோ செய்தித்தாள் ஒன்று அதை நடந்ததாக வெளியிட்டது. சில மாதங்களில் அது கற்பனை என்று அந்தத் தாளே ஒப்புக்கொண்டது. ஆனாலும் 'நான் இந்தியாவில் நேரில் பார்த்தேன்' என்று சொல்பவர்கள் பின்னாலே வந்துகொண்டே இருந்தார்கள். ரிச்சர்ட் வைஸ்மன், பீட்டர் லமான்ட் என்ற இருவர் அந்தச் சாட்சியங்களைச் சேகரித்து ஆராய்ந்து 1996இல் எழுதினார்கள். பார்த்ததாகச் சொல்லும் நாளுக்கும் சொன்ன நாளுக்கும் இடைவெளி கூடக் கூட, வித்தையின் அற்புதமும் கூடியிருந்தது.

என் கதையில் நடந்தது இப்போது ஓரளவு புரிகிறது. ஹெல்மெட்காரனுக்கு முகம் கிடையாது. வெள்ளைச் சட்டைக்காரனை நான் பார்க்கவே இல்லை. அந்த 15 விநாடியில் நான் பார்த்த ஒரே முகம், கேட்ட ஒரே கனிவான குரல் ஓட்டுநருடையது. விட்டுப்போன இடங்களையெல்லாம் என் மனம் கையில் இருந்த அந்த ஒரு முகத்தை வைத்து நிரப்பிக்கொண்டது. திருடர்கள் என் கவனத்தைத் தரைக்குத் திருப்பினார்கள். பணம் போனது அதோடு முடிந்தது. நல்ல மனிதர் ஒருவரை நோக்கி விரலை நீட்டியது முழுக்க என் வேலை. உதவிக்குக் குனிந்தவர்தான் அகப்பட்டார்.

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டிருப்பேன்! எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினேன், அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து ஆட்டோ நிறுத்தத்துக்குப் போய் அவரைப் பார்த்தேன். அவருடன் நிற்கும் ஓட்டுநர்கள் முன்னிலையிலேயே, தப்பு என்னுடையது, இவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னேன். அன்றைய வருமானத்தையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கொடுத்தேன். வாங்கவில்லை. கோபமும் படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க பொய் சொல்றீங்கன்னு நினைச்சிருந்தா எனக்குப் பயம் வந்திருக்காது சார். நீங்க நிஜமாவே அப்படி நம்பினீங்க. அதான் பயமா இருந்துச்சு" என்றார்.

அந்தக் கேமரா இல்லாமல் இருந்திருந்தால்? அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

பிள்ளைகளே, உங்களில் பலர் இப்போது அதிகாரிகள், பெற்றோர், ஆசிரியர்கள். பழைய வாத்தியாராக இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, திடீரென்று யாராவது எதையாவது காட்டினால், அதைப் பார்க்கும் முன் உங்கள் கை உங்கள் பையின் மேல் போகட்டும். போனிலும் இதேதான். காவல் உடையில் வீடியோவில் வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுகிறார்களே, அங்கே பயம்தான் பத்து ரூபாய் நோட்டு. அப்படி ஒரு கைது சட்டத்தில் இல்லை. இணைப்பைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது, இதைவிட முக்கியம். வீட்டில் நகை காணவில்லை, அலுவலகத்தில் பணம் குறைகிறது, வகுப்பில் ஒரு பேனா தொலைந்தது என்றால், யார் பெயரையும் சொல்லும் முன் ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். ஒரு பக்கம் 'பார்த்தது', மறுபக்கம் 'நினைத்தது'. வேலைக்கு வரும் அம்மா, காவலாளி, கடைசி பெஞ்சுப் பையன் என்று நமக்கு முதலில் தோன்றும் பெயர் எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள். வகுப்பில் தொலைந்த பென்சில்களுக்காக நான் யார் யாரை எழுப்பி நிறுத்தினேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அவர்களில் யாராவது இதைப் படித்தால், இந்த வாத்தியாரை மன்னித்துவிடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்திக்கு அந்த நாணய வித்தையைக் காட்டினேன். வழக்கம்போல, "என்ன பார்த்தே?" என்று கேட்டேன். "இந்தக் கையில் வெச்சீங்க தாத்தா, நான் பார்த்தேன்" என்றாள். இந்த முறை நான் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, மறுபடியும் மெதுவாகச் செய்து காட்டினேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.