நாம் தோற்றோம்

வெற்றியைப் பாடுவதற்குப் புலவர் பலர் உளர். தோல்வியின் அருகே அமர்ந்திருக்கத் துணிவோர் சிலரே. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்று, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனைப் பாடிய கழாத்தலையார் அத்தகைய சிலருள் ஒருவர். ஓர் அரசனின் தோல்வி ஊரின் முழவையும் யாழையும் விழாவையும் எவ்வாறு ஊமையாக்கிற்று என்பதை அவர் பாடியுள்ளார். புறநானூற்றின் 65ஆம் பாடலாகிய அதனைப் பல்லாண்டுகள் வகுப்பறையில் நடத்தியிருக்கிறோம். ஆயினும் ஓர் ஊரே ஊமையாவது என்றால் என்ன என்பதை நாம் கண்ணால் கண்டது, 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், கலிஃபோர்னியா மாநிலத்தின் தலைநகரமாகிய சாக்ரமெண்டோவில்தான். அங்கே முடிந்தது போர் அன்று, ஒரு கூடைப்பந்தாட்டம். போரையும் விளையாட்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது தகாது என்பதை அறிவோம். எனினும் மனித மனம் துயருறும் முறை இரண்டிலும் ஒன்றுபோல் இருப்பதை எவ்வாறு மறுப்பது?

மகன் அந்நகரின் புறப்பகுதி ஒன்றில் குடியிருக்கிறான். அவனோடு சில திங்கள் தங்கிவரச் சென்றிருந்தோம். பத்து வயதுப் பேரனுக்கு உணவு, உறக்கம், பள்ளி யாவும் கிங்ஸ் என்னும் அவ்வூர் அணிக்குப் பிற்பட்டவையே. அவன் அறையில் திரைச்சீலை ஊதா. படுக்கை விரிப்பும் ஊதா. அந்த அணியின் வரலாற்றை அவன் வாயிலாகவும், அண்டை வீட்டு முதியவர் வாயிலாகவும் சிறிது சிறிதாக அறிந்துகொண்டோம்.

கிங்ஸ் அணி 1985இல் கான்சாஸ் நகரிலிருந்து சாக்ரமெண்டோவுக்கு வந்தது. அதன் ஒரே பட்டம், ராச்செஸ்டர் ராயல்ஸ் என்னும் பெயருடன் வேறோர் ஊரில் ஆடிய 1951இல் வென்றது. சாக்ரமெண்டோ மக்கள் இன்றுவரை ஒரு பட்டமும் கண்டதில்லை. 2006க்குப் பின் தொடர்ந்து 16 பருவங்கள் இறுதிச் சுற்றுகளாகிய பிளே ஆஃப் ஆட்டங்களுக்கே அவ்வணி தகுதி பெறவில்லை, என்.பி.ஏ. வரலாற்றில் இத்துணை நீண்ட வறட்சி வேறெந்த அணிக்கும் நேர்ந்ததில்லை. இடையில் 2013இல் அணியையே சியாட்டில் நகருக்குக் கொண்டுசெல்ல முயன்றனர். அணி உரிமையாளர்கள் 22க்கு 8 என வாக்களித்து அதனைத் தடுத்தனர். மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே தலைமையிலான குழு அணியை வாங்கி அவ்வூரிலேயே நிலைநிறுத்தியது. 2019 அக்டோபரில் என்.பி.ஏ. ஆட்டங்கள் முதன்முதலாக இந்தியாவுக்கு வந்து மும்பையில் நிகழ்ந்தபோது, ஆடிய இரண்டு அணிகளுள் ஒன்று கிங்ஸ் என்பது நம்மவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

2022–23 பருவத்தில் வறட்சி நீங்கிற்று. 48 வெற்றிகளோடு மேற்குப் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது அணி. அப்பருவத்தில் ஒரு புதிய வழக்கமும் தோன்றிற்று: அணி வெல்லும் ஒவ்வோர் இரவும் அரங்கத்தின் கூரையிலிருந்து ஊதா நிற ஒளிக்கற்றை வானை நோக்கிப் பாயும். தெருவில் நின்று அதனைக் காண்பதற்காகவே பேரன் உறங்காமல் விழித்திருப்பான். தோற்ற இரவில் ஒளி இல்லை. வானம் வெறும் வானமாகவே இருக்கும்.

முதற்சுற்றில் எதிர்ப்பட்டது, முந்தைய ஆண்டின் பட்டம் வென்ற கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி. முதல் இரண்டு ஆட்டங்களைக் கிங்ஸ் வென்றது. அடுத்த மூன்றையும் இழந்தது. அணியின் உயிர்நாடியான டிஆரன் ஃபாக்ஸ், பந்து எறியும் கையின் சுட்டுவிரல் முறிந்த நிலையிலும் களமிறங்கினார். ஆறாம் ஆட்டத்தை எதிரியின் ஊரிலேயே வென்றபோது நகரம் மீண்டும் நிமிர்ந்தது. ஏழாவதும் இறுதியுமான ஆட்டம் அவ்வூர் அரங்கில், ஞாயிற்றுக்கிழமை.

வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சியின் முன் நாம் அனைவரும் கூடியிருந்தோம். அண்டை வீட்டு முதியவர் கையில் ஒரு மாட்டுமணியுடன் வந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன், லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியின் பயிற்றுநர் பில் ஜாக்சன், சாக்ரமெண்டோவைப் பாதி நாகரிகமே எய்திய ஊர் என்று ஏளனம் செய்தாராம். ஊரார் சினந்து வாதிடவில்லை. மாட்டுமணிகளை அரங்கிற்குக் கொண்டுவந்து, அவர் காதருகே ஒலிக்கச் செய்தனர். ஏளனத்தையே அணிகலனாக்கிக்கொண்ட அந்த நகைச்சுவை நம் உள்ளத்தைக் கவர்ந்தது.

முதற்பாதியின் முடிவில் கிங்ஸ் இரண்டு புள்ளிகள் முன்னின்றது. பிற்பாதியில் ஸ்டீஃபன் கறி என்னும் ஒருவர் ஆட்டத்தைத் தம் கைக்குள் அடக்கிக்கொண்டார். அன்று அவர் ஈட்டியவை 50 புள்ளிகள். ஏழாம் ஆட்டமொன்றில் அதுவரை எவரும் அத்துணைப் புள்ளிகள் பெற்றதில்லை. முடிவு 120க்கு 100. முதியவரின் மணி இரண்டாம் பாதியில் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. வழக்கமாக ஊர்திகளின் ஒலிப்பான்கள் முழங்கும் தெருவில், ஒரு கதவு சாத்தப்படும் ஓசையும் கேட்டது. கழாத்தலையாரின் ஊர் நம் கண்முன் நின்றது.

பேரன் அழுதான். அவன் தந்தை, "இது வெறும் விளையாட்டுதானே, விடு" என்றான். சிறுவன் அவன் பக்கம் திரும்பவே இல்லை. நம் மடியில் முகம் புதைத்துக்கொண்டு, "தாத்தா, நாம தோத்துட்டோம்" என்றான்.

அச்சொல் நம்மை நிறுத்திற்று. தமிழில் தன்மைப் பன்மை இருவகைப்படும். 'நாங்கள்' என்பது கேட்பவரை விலக்குவது. 'நாம்' என்பது கேட்பவரையும் உளப்படுத்துவது. ஆங்கிலத்திற்கு அவ்வேறுபாடு இல்லை. ஆங்கிலத்திலேயே நாள் முழுதும் பேசி வளரும் குழந்தை, தன் துயரில் தமிழுக்கு வந்து, 'நாங்கள்' என்னாமல் 'நாம்' என்றான். அந்த அணியோடு எத்தொடர்பும் இல்லாத நம்மையும் அத்தோல்விக்குப் பங்காளியாக்கிக் கொண்டான்.

1976இல் ராபர்ட் சியால்டினி என்னும் உளவியலறிஞர் தம் குழுவினருடன் வெளியிட்ட ஓர் ஆய்வு ஈண்டு நினைவுக்கு வருகிறது. தம் பல்கலைக்கழக அணி வென்றபின் மாணவர்கள் அதன் பெயர் பொறித்த ஆடைகளை மிகுதியாக அணிந்தனர்; வெற்றியைக் கூறுங்கால் 'நாம் வென்றோம்' என்றனர். தோல்வியைக் கூறுங்கால் அந்த 'நாம்' அரிதாயிற்று. வெற்றிக்கு உறவினர் பெருகுவதும், தோல்வி தனித்து நிற்பதும் உலகியல் போலும். அவ்வாறாயின், தோல்வியில் 'நாம்' என்று சொல்பவனே உண்மை ரசிகன். அணியில் ஆடுவோர் வருவர், போவர். அந்த ஃபாக்ஸும் 2025இல் சான் அந்தோனியோ அணிக்கு மாற்றப்பட்டார். அன்றைய பயிற்றுநர் மைக் பிரௌன் 2024 டிசம்பரில் நீக்கப்பட்டார். மாறாமல் நிற்போர் மணியோடு வந்து அமரும் இம்முதியவர் போன்றோரே.

சிறுவனைத் தேற்ற முயன்ற முதியவர், இதனினும் பெரிய தோல்வி ஒன்றைச் சொன்னார். 2002இல் கிங்ஸ் 61 ஆட்டங்களை வென்று லீக்கிலேயே முதலிடம் பெற்றிருந்தது. மேற்குப் பிரிவின் இறுதியில் லேக்கர்ஸை எதிர்த்தது. நான்காம் ஆட்டத்தில் 24 புள்ளிகள் முன்னிலை பெற்றிருந்தும், ராபர்ட் ஹாரி கடைசி நொடியில் எறிந்த பந்தினால் ஒரே புள்ளியில் தோற்றது. ஆறாம் ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் மட்டும் லேக்கர்ஸுக்கு 27 ஃப்ரீ த்ரோக்கள், அதாவது எவரும் மறிக்காமல் நின்று எறியும் வாய்ப்புகள், வழங்கப்பட்டன. நான்கு புள்ளி வேறுபாட்டில் கிங்ஸ் தோற்றது. நடுவர்களின் தீர்ப்பை ஆராயுமாறு ரால்ஃப் நேடர் லீக்கின் ஆணையருக்குக் கடிதமே எழுதினார். 2008இல் டிம் டோனகி என்னும் முன்னாள் நடுவர் அவ்வாட்டத்தைப் பற்றிக் குற்றம் சாட்டியபோது, லீக் அதனை மறுத்தது. ஊரார் அந்த 27ஐ இன்றும் மறக்கவில்லை.

இவ்வளவும் சொன்ன முதியவர் சற்று நேரம் மணியின் நாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னர்த் தாழ்ந்த குரலில் அவர் கூறியதன் சாரம் இது: "அந்த ஆட்டத்துக்கு இரண்டு நாள் கழித்து ஏழாம் ஆட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. நான் அரங்கில் இருந்தேன். எங்களுக்கு 30 ஃப்ரீ த்ரோக்கள் கிடைத்தன; 14ஐத் தவறவிட்டோம். மூன்று புள்ளிக்காக 20 முறை எறிந்தோம், இரண்டே விழுந்தன. கூடுதல் நேரத்தில் ஆறு புள்ளியில் தோற்றோம். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட 27ஐ இருபது ஆண்டுகளாகப் பேசுகிறோம். நாங்கள் தவறவிட்ட 14ஐ எவரும் பேசுவதில்லை. அவற்றை எந்த நடுவரும் தடுக்கவில்லை."

அவர் பேரனுக்காகச் சொன்னார். தைத்ததோ நம் நெஞ்சில்.

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர் சிலருக்கேனும் 1974ஆம் ஆண்டு நினைவிருக்கலாம். கல்லூரிகளுக்கிடையிலான கூடைப்பந்துப் போட்டியின் இறுதியாட்டத்தில் நம் கல்லூரி ஒரு புள்ளியில் தோற்றது. அணித்தலைவராக இருந்தவர் இதனை எழுதுபவரே. நடுவர் ஓரம் சார்ந்தார் என்று அன்று களத்திலேயே கூவினோம். அவர் நீட்டிய கையைப் பற்ற மறுத்தோம். மாணவர் கூட்டத்தின் வசைகளுக்கிடையே, துணைக்கு ஒருவருமின்றி, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் பேருந்து நிறுத்தம் நோக்கி நடந்ததையும் கண்டோம். அக்கதையை விருந்துகளிலும் விழா மேடைகளிலும் வகுப்பறைகளிலும் எத்தனையோ முறை சொல்லிவிட்டோம். ஒவ்வொரு முறையும் 'தோற்கடிக்கப்பட்டோம்' என்றே சொன்னோம். 'தோற்றோம்' என்று ஒருமுறையும் சொன்னதில்லை. செயப்பாட்டு வினையின் நிழலில் ஒதுங்குவது எளிதாக இருந்தது.

சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு. ஆட்டம் முடிய ஒரு நிமிடமும் இல்லாதபோது நமக்கு இரண்டு ஃப்ரீ த்ரோக்கள் கிடைத்தன. அவற்றை வழங்கியவர் அதே நடுவர். எறிந்தவர் இதனை எழுதுபவர். முதலாவது வளையத்தில் பட்டுத் திரும்பிற்று. இரண்டாவது வளையத்தையும் தொடவில்லை. எவரும் மறிக்கவில்லை, எவரும் தள்ளவில்லை. கை நடுங்கிற்று, அவ்வளவே. அவ்விரண்டும் விழுந்திருப்பின் கோப்பை நம் கல்லூரியின் கூடத்தில் இருந்திருக்கும். அந்நடுவர் நேர்மையாகவே ஊதினார் என்பது அன்றே நம் உள்மனத்திற்குத் தெரியும். பின்னாளில் அவர் மறைந்த செய்தி கேட்டபோதும் வாய்திறவாதிருந்தோம்.

வெண்ணிப் போருக்கு மீண்டும் வருவோம். சேரமானின் மார்பைக் குறித்து எறிந்ததுதான் புறப்புண்ணாயிற்று என்பது கழாத்தலையார் பாடலால் விளங்கும். புறமுதுகிட்டுப் பெற்ற புண்ணன்று என்று அவன் வாதாடியிருக்கலாம். காரணம் கையருகே இருந்தது. அவன் அதனை எடுக்கவில்லை. புண்ணைத் தன்னுடையது என்று ஏற்றான். வென்ற கரிகாலனை நோக்கியே, தோற்ற அவன் உன்னினும் நல்லவன் அல்லனோ என வெண்ணிக் குயத்தியார் வினவியதன் பொருள் இதுவே என இப்போது தோன்றுகிறது. உயிர் விடுவது நமக்கு வேண்டுவதன்று. காரணத்தை விட்டால் போதும்.

அன்றிரவு பேரனோடு தெருவில் நின்றோம். அரங்கம் இருக்கும் திசையில் ஊதா ஒளி எழவில்லை என்பதை அவன் அறிவான், எனினும் பார்த்தான். யார் மீது தவறு என்று கேட்டான். அந்தக் கறி நம்மினும் நன்றாக ஆடினார் என்றோம். சற்று நேரம் எண்ணிப் பார்த்துத் தலையசைத்தான். பிறகு, "அக்டோபருக்கு இன்னும் எத்தனை மாசம் தாத்தா?" என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்.

1974இல் நம் கல்லூரி அணியைத் தோற்கடித்தவர் நடுவர் அல்லர். அவர் தம் கடமையைச் செவ்வனே செய்தார். அவர் நீட்டிய கையைப் பற்றாதது நம் பிழை. ஊரறியச் சொன்ன பொய்யை ஊரறியவே திரும்பப் பெறுவதுதான் முறை என்பதால் இம்மலரில் எழுதுகிறோம். இரண்டு எறிகளையும் தவறவிட்டோம். நாம் தோற்றோம்.