எஞ்சினுக்குக் காய்ச்சல் வந்தால்

கோடை விடுமுறை தொடங்கியதும் மும்பைவாழ் தமிழ்க் குடும்பங்கள் பல, சொந்தக் காரிலேயே ஊருக்குப் புறப்படுகின்றன. புனே, சதாரா, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர் வழியாகச் சென்னை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். புறப்படுமுன் டயரின் காற்றைப் பார்க்கிறோம். புளிச்சோற்றுப் பொட்டலங்களை எண்ணி வைக்கிறோம். எஞ்சினின் சூட்டைக் காட்டும் சிறு முள்ளை மட்டும் பெரும்பாலும் நினைப்பதில்லை. மே மாத வெயிலில் மலைப்பாதை ஏறும்போதோ, நமது பயணத்தின் நலம் அம்முள்ளை அறிந்து நடப்பதைப் பொறுத்தே அமைகிறது.

எஞ்சினில் எரியும் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியதைக் கூலண்ட் கலந்த நீர் சுமந்து சென்று, ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிட வேண்டும். எஞ்சின் சூடேறும் வரையில் தெர்மாஸ்டாட் என்னும் சிறு கதவு ரேடியேட்டருக்குச் செல்லும் வழியை அடைத்து நிற்கும். பெரும்பாலான கார்களில் 80 முதல் 90 டிகிரி அளவில் அது திறக்கும். மூடி உள்ளழுத்தத்தைக் காப்பதால், 100 டிகிரியைக் கடந்தும் அந்நீர் கொதிப்பதில்லை. சூட்டோடு மூடியைத் திறந்தாலோ, அழுத்தம் நீங்கி, நொடிப்பொழுதில் கொதித்து முகத்தில் பாயும்.

2019ஆம் ஆண்டு மே மாதம் நாங்கள் குடும்பத்தோடு ஊருக்குச் சென்றபோது, புனேயைக் கடந்து கம்பட்கி மலைப்பாதையில் லாரி வரிசையின் பின்னே ஊர்ந்துகொண்டிருந்தோம். முள் நடுவிலிருந்து நகர்ந்து சிவப்புக் கோட்டை அணுகிற்று. ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுமையாகத் திறந்தோம். எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதியை அது வெளியே இழுத்துவிடும். சற்று நேரத்தில் முள் திடீரெனக் கீழே இறங்கிவிட்டது. உடன் வந்த தம்பி மகிழ்ந்து, “இறங்கிவிட்டது, இனிப் போகலாம்” என்றார். ஆனால் ஹீட்டரிலிருந்து வந்த காற்றும் குளிர்ந்துவிட்டது. கொதிக்கும் எஞ்சினிலிருந்து குளிர்ந்த காற்று வருமானால், ஹீட்டருக்குள் வெந்நீர் செல்லவில்லை என்பதே பொருள். எனவே உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினோம்.

அவ்விடத்தில் நாமக்கல் லாரி ஒன்றும் இளைப்பாறிக்கொண்டிருந்தது. துணியைச் சுற்றி மூடியைத் திறக்க முனைந்த தம்பியை அதன் ஓட்டுநர் தடுத்தார். “வேண்டாம் தம்பி, ஒரு மணி நேரம் போகட்டும். வெந்தா ஆஸ்பத்திரிதான்” என்றார். எஞ்சின் ஆறிய பின் பார்த்தபோது, கீழ்க்குழாயின் நுனி வெடித்து, நீர் பெரும்பாலும் ஒழுகிப் போயிருந்தது. வெடித்த நுனியை வெட்டிவிட்டு, குழாயை மீண்டும் பொருத்தி முடுக்கிக் கொடுத்தார் அவர். கையிலிருந்த குடிநீரை ஊற்றி, மெதுவாகச் சதாரா சென்று பழுது நீக்கிக்கொண்டோம். சூட்டை அளக்கும் கருவி நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் கூறும். நீர் வற்றியதும் அது பொய் உரைத்துவிட்டது. அன்று முள்ளை நம்பி மேலும் சில கிலோமீட்டர் சென்றிருப்போமாயின், சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கெட் எரிந்து, செலவு பன்மடங்காகியிருக்கும். முதியவரும் குழந்தைகளும் நடுவழியில் தவித்திருப்பர்.

முள் எப்போது ஏறுகிறது என்பதைக் கவனித்தாலே காரணம் பாதி விளங்கிவிடும். நெரிசலில் நிற்கும்போது ஏறி, வேகமாக ஓடும்போது இறங்கினால், முதலில் விசிறியையும் அதன் ஃபியூஸையும் பார்க்க வேண்டும். வேகமாக ஓடும்போதே ஏறினால், நீர்க்குறைவு, அடைத்த ரேடியேட்டர், திறவாத தெர்மாஸ்டாட், பழுதுற்ற பம்ப் ஆகியவற்றை ஐயுறலாம். ஆயில் பால் கலந்த காப்பியைப் போல் வெளுத்திருந்தால் கேஸ்கெட் போயிருக்கக்கூடும், அவ்வண்டியை ஓட்டலாகாது.

தெர்மாஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு. அது மருந்தன்று, எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் எரிபொருள் வீணாகும், தேய்மானமும் மிகும். பழுதானால் புதியதை மாற்றுவதே முறை. இக்காலச் சிறு கார்கள் பலவற்றில் முள்ளே இல்லை, விளக்கு மட்டுமே உண்டு. சிவப்பு விளக்கு எரிந்தால், பாதுகாப்பான முதல் இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

ஆகவே அன்பர்களே, புறப்படும் நாள் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கூலண்ட் அளவைப் பாருங்கள். குழாய்களை விரலால் அழுத்திப் பாருங்கள். குடிநீருக்குப் புறம்பாக நாலைந்து லிட்டர் நீரை டிக்கியில் வையுங்கள். வழியில் எஞ்சின் சூடேறினால் அது ஆறும் வரை பொறுத்திருங்கள். இரண்டு மணி நேரம் தாமதமாகச் சென்றால் ஊரில் காத்திருப்போர் குறை கூற மாட்டார்கள். அனைவரும் நலமாக வந்து இறங்குவதே அவர்களுக்கு வேண்டும்.