நுரையீரலுக்கு ஓய்வு

நம்மவர் இல்லங்களில் 2020ஆம் ஆண்டு முதல் ஓர் அச்சம் குடிகொண்டிருக்கிறது. “வென்டிலேட்டர் வைத்துவிட்டார்களாம்” என்று ஒருவர் கூறினால், கேட்பவர் அதற்குமேல் ஒன்றும் விசாரிப்பதில்லை. ஊருக்குச் சொல்லிவிடலாமா என்றே யோசிக்கத் தொடங்குகிறார். இவ்வச்சம் எவ்வளவு நியாயமானது என்பதை, மருத்துவம் பயிலாத ஓர் ரயில்வே எழுத்தன் அறிந்த அளவில் அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டது 2020 ஏப்ரல் 1ஆம் தேதி. மறுமாதமே அங்கு வசிக்கும் என் அத்தானுக்குக் காய்ச்சல் கண்டது. ஏழாம் நாள் மூச்சுத் திணறல் மிகுந்து மருத்துவமனையில் சேர்த்தனர். இரண்டே நாட்களில் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. புறநகர் ரயில்கள் நின்றுபோயிருந்த காலம் அது. நான் தாணே கடற்கழிக்கு இப்புறம் ஐரோலியில் இருந்தேன். உறவினர் எவரும் நோயாளியின் அருகே செல்ல இயலாது. மருத்துவர் தொலைபேசியில் இந்தியில் கூறுவதைக் கேட்டு, அதை அக்காளுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லும் பொறுப்பு என்னைச் சேர்ந்தது.

நோயின் பெயர் ‘கடும் சுவாசக் கோளாறுத் தொகுப்பு’. அமெரிக்க நாட்டு டென்வர் நகர மருத்துவர்களான ஆஷ்பா, பெட்டி முதலியோர் 1967ஆம் ஆண்டில் 12 நோயாளிகளைக் கொண்டு இதனை முதலில் விவரித்தனர். நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உள்ளன. கடும் அழற்சியினால் அவற்றின் மெல்லிய சுவர் கசிந்து, காற்றிருக்க வேண்டிய இடத்தில் நீர் தேங்குகிறது. எவ்வளவு பிராணவாயு அளித்தாலும் இரத்தத்தில் போதிய அளவு சேர்வதில்லை. கொரோனா மட்டுமே இதற்குக் காரணமன்று. நிமோனியா, இரத்தத்தில் பரவும் கிருமித் தொற்று, மலேரியா, எலிக்காய்ச்சல் ஆகியவற்றாலும் இது வரும்.

ஒருநாள் மருத்துவமனைப் பணியாளர் ஒருவர், அத்தானை நாடாவினால் தலைமுதல் கால்வரை அளந்ததாகச் சொல்லிவிட்டார். “உயிர் இருக்கும்போதே அளவெடுப்பானேன், தம்பி?” என்று அக்காள் கதறிவிட்டாள். மருத்துவரைக் கேட்டேன். மனிதன் பருத்தாலும் மெலிந்தாலும் அவனுடைய நுரையீரலின் அளவு மாறுவதில்லை. அது உயரத்தைப் பொறுத்தது. ஆகவே உயரத்தைக் கொண்டு ஓர் எடையைக் கணக்கிட்டு, கிலோ ஒன்றுக்கு 6 மில்லி லிட்டர் வீதமே ஒவ்வொரு மூச்சிலும் காற்றைச் செலுத்துகிறார்கள். ஐந்தடி ஐந்தங்குல ஆடவருக்கு அது சுமார் 370 மில்லி லிட்டர். முற்காலத்தில் இதைப்போல் இருமடங்கு செலுத்துவதுண்டு. அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டு 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். பெருமூச்சு பெற்றவர்களில் 39.8 சதவீதத்தினரும், சிறுமூச்சு பெற்றவர்களில் 31 சதவீதத்தினரும் இறந்திருந்தனர்.

எங்கள் இலாகாவில், பழுதுற்ற தண்டவாளத்தின்மீது வண்டி மெல்லச் செல்லவேண்டுமென எச்சரிக்கை ஆணை கொடுப்பார்கள். மெல்லச் செல்வதால் பாதை செப்பனிடப்பட்டுவிடாது, மேலும் கெடாதிருக்கும். செப்பனிடுவோர் தம் வேலையை முடிக்க அவகாசம் கிட்டும். வென்டிலேட்டரின் தொழிலும் அதுவே. நுரையீரலை ஆற்றிக்கொள்வது உடலின் வேலை. அதற்கு நாள் வாங்கித் தருவது இயந்திரத்தின் வேலை. அக்காளுக்கு நான் சொன்ன விளக்கம் இதுதான்.

இரண்டு நாள் கழித்து வேறொரு கேள்வி எழுந்தது. “அவரைக் குப்புறப் போட்டிருக்கிறார்களாமே! கவனிக்க ஆளில்லாமல் விட்டுவிட்டார்களோ?” உண்மையில் அத்தனை பேர் கவனித்ததாலேயே அவ்வாறு படுக்கவைக்க முடிந்தது. மல்லாந்து கிடக்கையில் நீர் கோத்த நுரையீரலின் பாரமும் இதயத்தின் பாரமும் முதுகுப்புறப் பகுதியை அழுத்தி மூடிவிடுகின்றன. குப்புறக் கிடத்தினால் அப்பகுதி விரிந்து, காற்று எங்கும் சீராகப் பரவும். பிரெஞ்சு மருத்துவர் குவெரான் தலைமையில் 466 கடும் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2013ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒவ்வொரு முறையும் குறைந்தது 16 மணி நேரம் குப்புறக் கிடத்தப்பட்டவர்களில், 28 நாட்களுக்குள் இறந்தோர் 16 சதவீதம். மல்லாந்தே இருந்தவர்களில் 32.8 சதவீதம். இதற்குப் புதிய மருந்தும் வேண்டாம்; விலையுயர்ந்த கருவியும் வேண்டாம். தொண்டைக் குழாயும் நரம்பூசியும் நழுவாமல் நோயாளியைத் திருப்ப நான்கைந்து பேர் ஒத்துழைக்க வேண்டும். முகமறியாத அந்த நர்ஸுகளையும் பணியாளர்களையும் அக்காள் இன்றும் வாழ்த்துகிறாள்.

பன்னிரண்டாம் நாள் குழாய் எடுக்கப்பட்டது. ஆயினும் அத்தான் தம் வீட்டு மேலறைக்கு இரும்பேணியில் ஏற நான்கு மாதங்கள் ஆயின. அதே பிரிவில் அதே சிகிச்சை பெற்ற அண்டை வீட்டுப் பெரியவர் திரும்பி வரவில்லை. 50 நாடுகளில் 2014ஆம் ஆண்டு எடுத்த கணக்கின்படி, இந்நோய் கண்டவர்களில் பத்துக்கு நால்வர் மருத்துவமனையிலேயே இறந்தனர். ஆகையால் அச்சம் காரணமற்றதன்று. ஆனால் பத்துக்கு அறுவர் பிழைத்தனர் என்பதும் அதே கணக்குத்தான். அந்த அறுவரை மறந்து, இயந்திரம் வேண்டாமென மறுத்துவிடுவது தகுமா?

மொழி அரைகுறையாய்த் தெரிந்த ஊரில், பாதி விளங்கிய செய்தி முழுப் பீதியாக மாறிவிடுகிறது. எனவே அன்பர்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு? நேற்றைவிட இன்று கூடியதா, குறைந்ததா? குப்புறக் கிடத்துவது இவருக்குப் பொருந்துமா? மும்பையில் 2005 ஜூலை 26 பெருவெள்ளத்திற்குப்பின் எலிக்காய்ச்சல் பரவியதை மூத்தோர் அறிவர். மழைநீரில் நடந்து வந்தவர்கள் 72 மணி நேரத்திற்குள் மருத்துவரைக் கண்டு தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். காய்ச்சலோடு மூச்சும் வாங்கினால் விடியட்டுமென்று காத்திராதீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் மொழி தெரியாது நிற்கும் நம்மவர் எவரையேனும் கண்டால், அருகில் நின்று மருத்துவர் சொல்வதைத் தமிழில் சொல்லுங்கள். நம்மில் எவரும் செய்யக்கூடிய உதவி அது.