லாத்தார் வேண்டாம், பழைய ரோட்டில் பத்தாங் போகலாம்

கோலாலம்பூரிலிருந்து கோல சிலாங்கூருக்குப் போவது இப்போது பெரிய காரியமே இல்லை. 2011இல் திறந்த லாத்தார் நெடுஞ்சாலை டெம்ப்ளர் பார்க் பக்கம் தொடங்கி ஈஜோக் வரை சுமார் 33 கிலோமீட்டர். பின் இருக்கையில் பிள்ளைகள் கைப்பேசியிலிருந்து நிமிர்வதற்குள் ஈஜோக் வந்துவிடும். இருட்டியதும் மின்மினிப் பூச்சி பார்த்து, மீன் சாப்பிட்டு, போன வழியே திரும்பி வருகிறோம்.

நெடுஞ்சாலையில் நேரம் மிச்சம்தான். ஆனால் அதற்கு வடக்கே ரவாங், பத்து ஆராங், பத்தாங் பெர்ஜுந்தாய் வழியாகக் கோல சிலாங்கூர் போகும் பழைய ரோடு ஒன்று இருக்கிறது. நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகள் பால்மரம் சீவியதும், பெரட்டுக்கு நின்றதும், பிள்ளைகளைத் தோட்டப் பள்ளிக்கு அனுப்பியதும் இந்த ரோட்டின் இரண்டு பக்கங்களிலும்தான். ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். சாலைக் கட்டணமும் ஒரு வழிக்கு மிச்சம். முடிந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவரை முன் இருக்கையில் உட்கார வையுங்கள்.

இரவிலிருந்து திட்டமிடுங்கள்

இந்தப் பயணத்தில் நேரம் மாற்ற முடியாதது ஒன்றே ஒன்று: மின்மினி. அது நன்றாக இருட்டிய பிறகுதான் தெரியும். ஆகவே இரவு 7.45க்குக் கம்போங் குவாந்தான் என்று முதலில் எழுதிக்கொண்டு, மற்றதை அங்கிருந்து பின்னோக்கிப் போடுங்கள். பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் வேண்டாம். நிலா வெளிச்சத்தில் மின்மினி மங்கிவிடும். அமாவாசையை ஒட்டி வரும் சனிக்கிழமையே நல்லது. வீடு திரும்ப இரவு பத்து ஆனாலும் மறுநாள் பள்ளி, வேலை என்ற கவலை இருக்காது.

வார நாட்களில் இந்தச் சாலையில் மணல் லோரிகளும் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளும் அதிகம். ஒற்றைத் தடம் என்பதால் முந்துவது கஷ்டம், ஆபத்தும்கூட. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் வீட்டை விட்டுக் கிளம்பினால் ரவாங்கில் சாவகாசமாகப் பசியாறலாம். பெட்ரோலையும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பல நாட்களில் பிற்பகலில் இடியோடு மழை வரும். அதனால் வெளியில் நடந்து பார்க்க வேண்டிய இடங்களைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

நிலக்கரி ஊர்

ரவாங்கிலிருந்து மேற்கே போகும்போது சற்று விலகினால் பத்து ஆராங். மலாயாவின் பெரிய நிலக்கரிச் சுரங்கம் இங்கேதான் இருந்தது. 1915இல் மலாயன் கோலியரிஸ் கம்பெனி வெட்டத் தொடங்கி, 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நாட்டின் ரயில் இஞ்சின்களும் மின்நிலையங்களும் ஈயச் சுரங்கங்களும் எரித்தது இந்த ஊர்க் கரியைத்தான். கரியை எடுத்துப்போக குவாங்கிலிருந்து தனியாக ஒரு கிளை ரயில் பாதை போட்டிருந்தார்கள். 1937இல் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இங்கே வேலை நிறுத்தம் செய்ததும், அதை அடக்கப் போலீஸ் படை வந்ததும் மலாயாத் தொழிலாளர் வரலாற்றில் முக்கியமான நிகழ்ச்சி.

இன்று அமைதியான சின்ன ஊர். பழைய புகைபோக்கிகளும் செங்கல் கட்டடங்களும் பழைய கடை வரிசையும் மிச்சம் இருக்கின்றன. ஒரு மணி நேரம் போதும். இடிந்த கட்டடங்களுக்குள்ளே பிள்ளைகளை விடாதீர்கள், வெளியிலிருந்து பார்த்தாலே போதும்.

பெயர் மாறிய பத்தாங்

அங்கிருந்து சாலை மேற்கே பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் போகிறது. வழிகாட்டிப் பலகையில் இந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. 2007இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது. கைப்பேசி வரைபடத்திலும் புதிய பெயரையே போடுங்கள். ஆனால் கடையில் உட்கார்ந்து வயதானவர்களிடம் வழி கேட்டால், ‘பத்தாங்’ என்றுதான் சொல்வார்கள். சிலாங்கூர் பல்கலைக்கழகத்தில் படித்த இளையவர்களுக்கு இது பெஸ்தாரி ஜெயா, அவர்கள் பாட்டிக்குப் பத்தாங். ஒரே காரில் இரண்டு பெயரும் போகும்.

ஊரைச் சுற்றிப் பெரிய பெரிய குட்டைகள் தெரியும். இயற்கையான ஏரிகள் அல்ல. ஈயம் தோண்டிய பள்ளங்கள். பெர்ஜுந்தாய் டின் டிரெட்ஜிங் என்ற கம்பெனி இந்தப் பக்கத்தில் பிரம்மாண்டமான ஈயக் கப்பல்களை ஓட்டியது. மிதக்கும் தொழிற்சாலை மாதிரி, தானே தோண்டிய குட்டையில் தானே மிதந்தபடி, வாளிகளைச் சங்கிலியில் கோத்து அடி மண்ணை அள்ளி ஈயத்தைப் பிரிக்கும் இயந்திரம் அது. 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்ததும் நாடெங்கும் இந்தத் தொழில் படுத்துவிட்டது. குட்டைகள் மட்டும் நின்றுவிட்டன. பார்க்க அழகாக இருந்தாலும் கரை இளகியது, ஆழமும் தெரியாது. இறங்கிக் குளிக்கக் கூடாது.

பாலத்துக்குக் கீழே ஓடுவது சிலாங்கூர் ஆறு. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது இது. கிள்ளான் பள்ளத்தாக்கில் நாம் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் பெரும் பகுதி இந்த ஆற்றுத் தண்ணீர்தான். பத்தாங் வட்டாரத்துச் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து வருகிறது. ஆற்றில் யாரோ கழிவைக் கொட்டி, வாடை அடித்து, நிலையத்தை மூடினார்கள் என்று செய்தி வரும் நாட்களில் நாம் வாளியோடு வரிசையில் நிற்கிறோம் அல்லவா? அந்த ஆறு இதுவே. இரவில் மின்மினி பார்க்கப் படகில் போகப்போவதும் இதே ஆற்றில்தான்.

தென்னமரம் என்ற செம்பனைத் தோட்டம்

பத்தாங் வட்டாரத்துத் தோட்டங்களில் ஒன்றின் பெயர் தென்னமரம். நம் தமிழ்ச் சொல்தான், அரசாங்கப் பதிவிலும் அப்படியே. மலேசியாவில் முதன்முதலாக வாணிப முறையில் செம்பனை நட்டது இந்தத் தோட்டத்தில்தான், 1917இல். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1905இல் மலாயாவுக்கு வந்து, முதலில் ரப்பர் போட்டு, பிறகு செம்பனைக்குப் போனவர். தமிழ்த் தொழிலாளர்களுக்கு நடுவில் வாழ்ந்த தோட்ட வாழ்க்கையை வைத்து ‘மலேசி’ என்ற நாவல் எழுதினார். அதற்கு 1930இல் பிரான்சின் உயரிய இலக்கியப் பரிசான கோன்கூர் கிடைத்தது.

நாட்டையே மாற்றிய ஒரு பயிர், தென்னையின் பெயரைத் தமிழில் வைத்துக்கொண்டிருந்த தோட்டத்தில் தொடங்கியிருக்கிறது. அந்தப் பயிரே பின்னாளில் நம் ஆட்களைத் தோட்டத்தைவிட்டு வெளியே அனுப்பியது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ரப்பருக்கு ஒவ்வொரு மரத்திடமும் அடிக்கடி ஆள் போக வேண்டும். செம்பனைக்கு அவ்வளவு கை தேவையில்லை. பால்மரம் விழுந்து செம்பனை எழும்ப எழும்ப, லயத்து வீடுகளும் காலியாயின. நிலம் கைமாறியபோது மிச்சம் இருந்தவர்களும் வெளியேறினார்கள். பத்தாங்கைச் சுற்றியுள்ள மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்ஞாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த கதை தமிழ்ப் பத்திரிகை படிக்கும் எல்லாருக்கும் தெரியும்.

தோட்டத்துக்குள் போகும் மண் சாலைகள் கம்பெனிக்குச் சொந்தம். காவலர் இருந்தால் நிறுத்தி, யாரைப் பார்க்க, எந்தக் கோயிலுக்கு என்று சொல்லி அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். பொதுச் சாலையிலிருந்தே பார்க்க நிறைய இருக்கிறது. மழை பெய்திருந்தால் சின்ன காரை மண் ரோட்டில் இறக்காதீர்கள். மாடுகள் சாலையில் படுத்திருக்கும், மெதுவாகப் போங்கள்.

முன் இருக்கையில் யார்?

லயங்கள் பல இடங்களில் இல்லை. செம்பனைக்கு நடுவில் ஒரு மாரியம்மன் கோயில், ஒரு முனீஸ்வரர் மேடை, வேலி ஓரம் இரண்டு மாமரம், ஒரு பலாமரம். ஒரு தோட்டம் இருந்ததற்கு அடையாளம் அவ்வளவுதான் மிஞ்சும். செம்பனை யாரோ நட்டது, வரிசையாக நிற்கும். மாவும் பலாவும் லயத்துக் குடும்பங்கள் நட்டவை, வரிசை இல்லாமல் நிற்கும். அவற்றைப் பார்த்து, இங்கே ஆபீஸ், அங்கே கள்ளுக்கடை, அதோ ஆயாக் கொட்டாய் என்று கை நீட்டிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். எந்த வரைபடத்திலும் அது கிடையாது.

1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தோட்டத் தொழிலாளர்கள் வருவதை நிறுத்தியது. கப்பலில் வந்த அந்தத் தலைமுறை போய்விட்டது. இன்று எண்பதை நெருங்குபவர்கள் இங்கேயே பிறந்தவர்கள். ரப்பர் காலத்தையும் செம்பனை காலத்தையும் இரண்டையும் கண்ணால் பார்த்த கடைசித் தலைமுறை அவர்களுடையது. பாட்டிக்கு முழங்கால் வலி, தாத்தாவுக்கு அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டும் என்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது சுலபம். ஆனால் பத்து ஆராங், பத்தாங், கோல சிலாங்கூர் என்று ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஓர் ஊர் வருகிறது. காரை நிறுத்திக் கால் நீட்ட இடம் உண்டு. அவர்களுக்கேற்ற பயணம்தான் இது.

லயம் போனாலும் பள்ளியின் பெயர் சில இடங்களில் நிலைத்திருக்கிறது. ராஜா மூசா, ரிவர்சைட் என்று தோட்டப் பெயரைச் சுமந்த தமிழ்ப்பள்ளிகள் கோல சிலாங்கூர் மாவட்டத்தில் இன்னும் நடக்கின்றன. தோட்டக் கோயில்களும் அப்படியே. ஆண்டுத் திருவிழா அன்று வெளியூர் போன குடும்பங்கள் எல்லாம் திரும்பி வரும். உங்கள் குடும்பத்துத் தோட்டக் கோயிலின் திருவிழா தேதி தெரிந்தால், அந்த நாளையே பயண நாளாக வைத்துக்கொள்ளலாம். அன்று கதவு திறந்திருக்கும், சோறும் இருக்கும், பாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளும் இருக்கும்.

மலையும் மின்மினியும்

பத்தாங்கிலிருந்து கோல சிலாங்கூருக்குச் சாலை ஆற்றை ஒட்டியே போகிறது. வழியில் கம்போங் குவாந்தான் முனை வரும். பிற்பகலில் அங்கே இறங்கிப் பயன் இல்லை. இடத்தை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டு நேரே கோல சிலாங்கூர் போய்ச் சாப்பிடுங்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் பாசிர் பெனாம்பாங் மீனவர் கம்பத்தில் கடல் உணவுக் கடைகள் இருக்கின்றன.

வெயில் தாழ்ந்ததும் புக்கிட் மெலாவத்தி. 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்த கோட்டை மலை இது. மறு வருடமே சுல்தான் இப்ராஹிம் மீட்டுக்கொண்டார். பீரங்கிகளும், 1907இல் கட்டிய கலங்கரை விளக்கமும், சிலாங்கூரின் முதல் சுல்தான்களின் கல்லறைகளும் மேலே இருக்கின்றன. சனி ஞாயிறுகளில் காரை அடிவாரத்திலேயே விட்டுவிட்டுச் சுற்றுலா வண்டியில் ஏற வேண்டியிருக்கும். பெரியவர்களுக்கு அது வசதியே. மலைமேல் சாம்பல் நிறக் குரங்குகள் கூட்டமாக இருக்கும். அவற்றின் குட்டிகள் மட்டும் ஆரஞ்சு நிறம், சில மாதங்களில் கறுத்துவிடும். பையைப் பறிப்பவை இவை அல்ல, நீண்ட வால் உள்ள மற்றக் குரங்குகள். தின்பண்டத்தைக் காரிலேயே வையுங்கள்.

ஏழு மணி கடந்து கிளம்பினால் கம்போங் குவாந்தானுக்குச் சுமார் கால் மணி நேரம். இங்கே சம்பானைத் துடுப்புப் போட்டே ஓட்டுகிறார்கள், இஞ்சின் சத்தம் கிடையாது. கரையில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி அணையும். அவற்றின் புழுக்கள் கரைச் சேற்றில் சின்ன நத்தைகளைத் தின்று வளர்கின்றன. ஆற்றங்கரை மரத்தை வெட்டினாலோ தண்ணீர் கெட்டாலோ மின்மினி இல்லை. கைவிளக்கு, கேமரா வெளிச்சம் இரண்டும் வேண்டாம். கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிடுங்கள். கொசு மருந்தைப் படகில் உட்கார்ந்து அடிக்காமல் வீட்டிலேயே தடவிக்கொண்டு வாருங்கள்.

திரும்பும்போது பழைய ரோடு வேண்டாம். விளக்கு குறைவு, வெளிச்சம் இல்லாத மோட்டார் சைக்கிள்கள் எதிரே வரும். ஈஜோக் போய் லாத்தாரில் ஏறிவிடுங்கள். அந்த நேரத்துக்குத்தான் நெடுஞ்சாலை.

காருக்கு எண்ணெய் போடுவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. வீட்டில் மூத்தவரிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதி வாங்குங்கள்: எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், கோயில் எந்தச் சாமிக்கு? தோட்டத்தின் பெயர் மாறியிருக்கலாம், நிலம் வேறு கம்பெனிக்குப் போயிருக்கலாம். கோயில் பெயர் தெரிந்தால் பத்தாங் கடைத்தெருவில் யாராவது ஒருவர் வழி சொல்லிவிடுவார்.