தரங்கம்பாடியில் ஒரு மொரப்பூர் வேன்

நகர வாசலுக்கு வெளியே டி.என்.29 வேன் ஒன்று வந்து நின்றது. பின்கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் மொரப்பூர். என் ஊர். எழுந்து போய்ப் பேசியிருக்கலாம், பேசவில்லை. நிழலில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் இறங்கியவர் ஒரு தாத்தா. தோளில் துண்டு, கைப்பிடியில் பேத்தி. டேனியர்கள் 1792இல் எழுப்பிய அந்த வெள்ளை வாசலை அண்ணாந்து பார்த்தார். வீட்டுச் சுவரைப் பூச்சு காய்ந்ததா என்று தொட்டுப் பார்ப்பதுபோல் உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். பிறகுதான் உள்ளே நடந்தார்.

சற்றுத் தள்ளி நானும் நடந்தேன். பருத்த தூண்களும் நீண்ட தாழ்வாரமுமாக வீடுகள். 1701இல் கட்டிய சீயோன் தேவாலயம். அதையடுத்து 1718இன் புதிய எருசலேம் தேவாலயம். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து அச்சேற்றிய சீகன்பால்கு இதில்தான் அடக்கமாகியிருக்கிறார். தாத்தாவோடு வந்த மருமகள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வாசற்படியில் நின்று ஒரு கும்பிடு போட்டார்.

வீதி முடிந்தால் டான்ஸ்போர்க் கோட்டை, அதன் பின்னால் கடல். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் இடம் கொடுக்க, டேனியர்கள் கட்டியது. டென்மார்க் அரசனுக்கு அவர் தங்க ஏட்டில் எழுதிய கடிதம் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. வங்காளத்துச் செராம்பூரோடு இந்த ஊரையும் 1845இல் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஊரை விலை பேசியிருக்கிறார்கள் என்பது எப்போது நினைத்தாலும் நெஞ்சை அறுக்கிறது.

கோட்டைக்குப் பக்கத்திலேயே, அதைவிட முன்னூறு ஆண்டு மூத்த மாசிலாமணிநாதர் கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. தாத்தா அங்கேதான் வெகுநேரம் நின்றார்.

"நம்மூர்ல பழசு எதுவுமே இல்லையா தாத்தா?"

"இருந்துது கண்ணு. டேசன்லேர்ந்து தருமபுரிக்குச் சின்ன ரயிலு. எங்கப்பா அதுலதான் சந்தைக்குப் போவாரு."

"எங்க அது?"

"புடுங்கிட்டாங்க."

உண்மைதான். 1906இல் ஓடத் தொடங்கி, பிறகு ஓசூர்வரை நீண்ட குறுகிய பாதை, உலகப் போர் நடந்த 1941இல் மூடப்பட்டது. இந்தத் தரங்கம்பாடிக்கும் மாயவரத்திலிருந்து ஒரு ரயில் வந்துகொண்டிருந்தது. 1926இல் தொடங்கி 1986இல் நின்றது. இரண்டு ஊருக்கும் அந்த இழப்பு ஒன்றுதான். ஆனால் இங்கே தொட்டுப் பார்க்கச் சுவர் இருக்கிறது. நமக்கோ, அந்தத் தாத்தாவின் வாய்ச்சொல் மட்டும்தான்.

பேத்தி அடுத்த கேள்வி கேட்பதற்குள் வேன்காரர் கூப்பிட்டுவிட்டார்.

மொரப்பூர்க்காரர்களே, அந்தச் சின்ன வண்டியைப் பற்றித் தெரிந்த பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் சொல்லச் சொல்ல இந்த வாரமே எழுதி வையுங்கள்.