முறுக்குக் கணக்கு

மெய்நிகர் உதவியாளர் என்றால் அலுவலகத்துக்குப் போகாத குமாஸ்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறருக்காக மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவேன், கணக்குப் பதிவேன், சந்திப்பு நேரம் குறிப்பேன். அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அந்த மையத்துக்கு வெளியே உள்ள நாற்காலிதான் என் அலுவலகம். பட்டம் பெற்றும் நான் எட்டு மணி நேர வேலைக்குப் போகாததன் காரணம் இதுவே.

இணையத்தில் விண்ணப்பித்து ஒரு வேலையும் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் மனிதர்கள் வழியாகத்தான். தமிழ்ப் பேரவையில் எனக்கு மூத்த அக்கா ஒருவர், கிள்ளானில் தீபாவளிக்கு முறுக்கு விற்கும் தம் அத்தையிடம் என்னைச் சேர்த்துவிட்டார். புலனத்தில் மலாய், ஆங்கிலம், தமிழ் என மூன்று மொழிகளிலும் ஆர்டர்கள் குவிந்தன. நான் எக்செல் பழகியது அந்த முறுக்குக் கணக்கில்தான். அத்தையின் வாடிக்கையாளர் ஒருவர், பெர்த்தில் கடை வைத்திருக்கும் தம் தம்பியிடம் என்னைப் பற்றிச் சொன்னார். பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம். இரவு விழிக்க வேண்டியதில்லை.

அப்பாவுக்கோ ஒரே கவலை: “இபிஎஃப் உண்டா?” முதலாளி இல்லாதவர்களும் ஐ-சாரான் திட்டத்தில் கட்டலாம், கட்டுவதில் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை அரசு சேர்க்கும் என்று காட்டிய பிறகே அவர் முகம் தெளிந்தது.

இப்போது நான்கு பேருக்கு வேலை செய்கிறேன். கட்டணத்தை முதலிலேயே பேசிவிடுவேன். தெரிந்தவர் என்றால் இலவசம் என்று நினைக்கும் பழக்கம் நம்மவர்களிடம் கொஞ்சம் உண்டு! ஐந்தாவதாக வந்த வேலையை ஏற்க நேரமில்லை. பேரவையில் இரண்டாம் ஆண்டு பயிலும் தங்கை ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன்.