பெட்டியில் இருப்பவர்கள்

சென்ற மார்கழிக் கடைசியில் அண்ணன் வந்திருந்தபோது, மச்சில் கிடக்கும் தாத்தாவின் டிரங்குப்பெட்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. “போகிக்குத் தீயில போட்டுருலே. அதுல நாலு வீட்டு மானம் கெடக்கு” என்றார்.

தாத்தா பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வட்டிக்குக் கொடுத்து வாங்கியவர். 1986 உள்ளாட்சித் தேர்தலில் நின்று ஜெயித்தவரும்கூட. பெட்டிக்குள் புரோநோட்டுகள், சிட்டைகள், கட்சிக்காரர்களின் கடிதங்கள், ஒரு வாக்காளர் பட்டியல். பட்டியலில் சில பெயர்களுக்கு எதிரே பென்சிலால் தொகை குறித்திருக்கிறது. அதே பெயர், அதே தொகை சிட்டையில் பற்று. தேர்தலுக்கு மறுமாதம் அதில் பாதிக்குமேல் வரவு வராமலே கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது.

பெட்டியை முதலில் திறந்தபோது நான் தேடியது வேறு. பி.ஏ.யில் ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு உண்டாகும் சபலம். தாத்தா எங்காவது நாலு வரி மனசுவிட்டு எழுதியிருப்பார் என்று. ஒன்றும் இல்லை. ஏமாற்றமாக இருந்தது. அந்த ஏமாற்றத்தை அப்புறம் யோசித்துப் பார்த்தபோது வெட்கமாகவும் இருந்தது. காகிதம் என்றால் இலக்கியம், மற்றதெல்லாம் குப்பை என்ற தீர்மானம் எனக்கு எங்கிருந்து வந்தது?

நான் குடியிருப்பது கரிவலம்வந்தநல்லூர். ஏடு தேடி அலைந்த உ.வே. சாமிநாதையர் இந்த ஊருக்கும் வந்தார். பாண்டியர் சேர்த்து வைத்த சுவடிகள் பால்வண்ணநாதர் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தவருக்குக் கிடைத்த பதிலை ‘என் சரித்திர’த்தில் சொல்லியிருக்கிறார்: பழுதுபட்ட ஏடுகளை ஆகமப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டார்கள். இதை நம்மவர்களின் அறியாமைக்கு உதாரணமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அலட்சியமானவன் நெய் செலவழிக்க மாட்டான். அது மரியாதை. ஏடு பவித்திரமான பொருள். பவித்திரமானதற்கு வேண்டியது சமஸ்காரம்தான், பிரதி அல்ல. கருவை அந்தாதிகள் பிழைத்தது பலர் பாடி, பலர் எழுதி வைத்ததால். ஒரே இடத்தில் பத்திரமாக இருந்தவை போய்விட்டன.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரி வியாபாரி, சொந்தத்தில் கப்பல் விட்டவர், டூப்ளே கவர்னராக இருந்தபோது துபாஷ். பணமும் அரசியலும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்த மனுஷர். 1736இலிருந்து 1761இல் சாகும் வரைக்கும் தினசரி எழுதினார்: வந்த கப்பல், போன கப்பல், கொடுத்த நஜர், எதிரிகள் சொன்ன கோள். எழுத்து என்ற பிரக்ஞையே இல்லாத எழுத்து. அந்தக் காலத்துப் புலவர் எவரும் அதை ஏட்டில் ஏற்றியிருக்க மாட்டார். 1846இல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் கண்ணில் பட்டது, பிரதிகள் எடுக்கப்பட்டன, ஒரு பிரதி பாரீசுக்குப் போயிற்று. சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. தமிழ் மூலம் புதுச்சேரியில் அச்சேறத் தொடங்கியது 1948இல்தான். இன்று தமிழ் உரைநடையைப் பற்றிப் பேசுகிறவன் அவரைத் தாண்டிப் போக முடியாது. கணக்குப் பார்க்கிற கை எழுதியது அது.

மானம் என்று அண்ணன் சொன்னதற்கும் ஒரு பதில் வேண்டும். அமெரிக்காவில் நிக்கலஸ் பிடில் என்பவர் 1823 முதல் 1836 வரை அந்நாட்டின் இரண்டாவது பாங்குக்குத் தலைவர். பென்சில்வேனியா சட்டசபையில் இருந்தவர். வாலிபத்தில் இலக்கியப் பத்திரிகையும் பார்த்தவர். பாங்கை ஒழித்துக்கட்டப் பிரசிடென்ட் ஜாக்ஸன் கிளம்பிய அந்தச் சண்டையின் நடுவே, செனட்டில் பாங்குக்காகப் பேசிவந்த டேனியல் வெப்ஸ்டர், தமக்கு வழக்கமாக வரும் வக்கீல் ஃபீஸ் இன்னும் வரவில்லை என்று 1833 டிசம்பரில் பிடிலுக்குக் கடிதம் போட்டார். பெரிய மனிதர், அவருக்குச் சிலையெல்லாம் இருக்கிறது. கடிதமும் இருக்கிறது. பிடிலின் கடிதப் போக்குவரத்திலிருந்து ஒரு தொகுப்பு 1919இல் அச்சாகிவிட்டது. சிலையும் கடிதமும் சேர்ந்துதான் வெப்ஸ்டர் என்று அங்கே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் போலிருக்கிறது. நமக்குச் சிலை மட்டும் போதும்.

போகி அன்று பெட்டியை எரிக்கவில்லை. பொங்கல் விடுமுறையில், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, சிட்டையைப் பார்த்துப் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். முதல் பக்கம் சுலபமாகப் போயிற்று. இரண்டாம் பக்கத்தில் ஒரு கைநாட்டு. பக்கத்தில் பெயர், தகப்பனார் பெயர், தெரு. எங்கள் பாங்குக்கு மாசாமாசம் பென்ஷன் வாங்க வருகிற கிழவரின் அண்ணன். தொகை இருநூறு. வாக்காளர் பட்டியலிலும் அதே இருநூறு.

வாடிக்கையாளர் கணக்கை வெளியில் சொல்லக் கூடாது என்பது என் உத்தியோகத்தின் முதல் பாடம். தாத்தாவின் மானத்தை அச்சில் ஏற்ற எனக்குப் பாத்தியதை இருக்கலாம். இந்த இருநூறு ரூபாய்க்காரனின் மானத்துக்கு நான் யார்? பெயரை விட்டுவிட்டு எழுதினால், தாத்தா பெயர் மட்டும் மிஞ்சி, மற்றவர்கள் மறுபடியும் வெறும் தொகையாகிவிடுவார்கள். அந்த ஊரில் அவர்கள் பெயர் எழுதப்பட்ட காகிதம் ஒருவேளை இது ஒன்றாகவே இருக்கலாம்.

பேனாவை மூடி வைத்திருக்கிறேன். நோட்டு இரண்டாம் பக்கத்தில் நிற்கிறது. கிழவர் ஒன்றாம் தேதி வருவார்.